பந்தைக் கேட்டு நீளும் கை

பேஸ்போல் விளையாட்டில் என் மனதைப் பிடித்துக்கொண்டது பந்தின் வேகமோ, அரங்கைத் தாண்டிப் பறக்கும் அடியோ அல்ல. முகாமையாளர் மெதுவாக நடந்து, மைதானத்தின் நடுவே உள்ள சிறு மேட்டுக்கு வந்து, பந்து எறிபவரை நோக்கிக் கையை நீட்டுகின்ற அந்தக் கணம்தான்.

கிரிக்கெட்டில் பழகிய நமக்கு இது புதிது. அணித்தலைவர் ஒருவரிடமிருந்து பந்தை எடுத்து வேறொருவரிடம் கொடுப்பார். நிறுத்தப்பட்டவர் எல்லைக்கோட்டருகே களத்தடுப்பில் நின்றுவிட்டு, பத்து ஓவர் கழித்துத் திரும்பவும் பந்துவீச வரலாம். பேஸ்போலில் அதற்கு வழியில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டு இறங்கியவர் அன்றைய ஆட்டத்துக்குள் மீண்டும் கால் வைக்க முடியாது. ஆயிரக்கணக்கான கண்கள் பார்த்திருக்க, அவர் தன் கையாலேயே பந்தை ஒப்படைக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முழுவதையும் லொஸ் ஏஞ்சல்ஸில் மகள் வீட்டில் கழித்தேன். அமெரிக்காவில் ஒக்டோபர் என்பது பேஸ்போலின் இறுதிச் சுற்றுக்களின் காலம். மார்ச் பிற்பகுதி தொடக்கம் செப்டெம்பர் வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடி முடித்த பின்னர், எஞ்சிய சில அணிகள் ஒன்றையொன்று வெளியேற்றும் ஆட்டங்கள் தொடங்குகின்றன. அவ்வூரின் டொட்ஜர்ஸ் அணி அதில் இருந்தது. ஊரே நீலமாகிவிட்டிருந்தது. பள்ளிவாசலுக்கு வரும் இளைஞர்கள் கூட நீலத் தொப்பியோடுதான் வந்தார்கள். ஸுஜூதுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று தொப்பியின் முன்விளிம்பைப் பின்பக்கம் திருப்பிவிட்டுத் தொழுதார்கள். இஷா முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் பேச்சுக் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

அம்மாதம் கதைப்பதற்கு விஷயம் இருந்தது. அந்தப் பருவத்தில் எல்லா அணிகளையும் விட அதிகமாக, 97 வெற்றிகளைப் பெற்றிருந்த மில்வோக்கி அணியை டொட்ஜர்ஸ் எதிர்கொண்டது. முதல் ஆட்டத்தில் பிளேக் ஸ்னெல் எட்டு இனிங்ஸ் எறிந்து ஒரேயொரு ஹிட்டைத்தான் கொடுத்தார். மறுநாள் ஜப்பானியரான யொஷினோபு யமமோட்டோ ஒன்பது இனிங்ஸையும் தனியொருவராக எறிந்து முடித்தார். இறுதிச் சுற்றுக்களில் ஒருவரே முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது 2017க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான்கு ஆட்டங்களிலும் மில்வோக்கி அணி ஆளுக்கொன்று போல ஆட்டத்துக்கு ஓர் ஓட்டம்தான் எடுத்தது. நான்கிலும் தோற்று வீட்டுக்குப் போனது.

இது எறிபவர்களின் வல்லமையா, துடுப்பெடுத்தவர்களின் வறுமையா என்பதில்தான் தர்க்கம் தொடங்கியது. ஆனால் அது வெகுவிரைவில் வேறொரு கேள்விக்குள் நுழைந்துவிட்டது. நன்றாக எறிந்துகொண்டிருக்கும் ஒருவரை எப்போது நிறுத்துவது? அந்தத் தீர்மானம் யாருடையது?

இதில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்குத் தலைவர், செயின்ற் லூயிஸ் நகரில் பிறந்து வளர்ந்த எழுபது வயது தாண்டிய கறுப்பினப் பெரியவர். மற்றக் கட்சிக்கு என் மருமகனே தலைவர். எண்களோடு புழங்குகின்ற தொழில் அவருக்கு.

பெரியவரின் நாயகன் பொப் கிப்சன். 1968இல் ஒன்பது இனிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களே கொடுத்தவர். அந்த ஆண்டின் உலகத் தொடர் முதலாவது ஆட்டத்தில் 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். எறிபவர்களின் ஆதிக்கம் அந்த ஆண்டில் அப்படி உச்சத்துக்குப் போனதால், மறு ஆண்டு மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் பெரியவர் அடிக்கடி சொல்வது அதை அல்ல. 1964ஆம் ஆண்டின் ஏழாவது ஆட்டத்தை. இரண்டே நாள் ஓய்வோடு கிப்சன் எறிய வந்தார். கடைசி இனிங்ஸில் களைத்துப்போய் நியூயோர்க் யாங்கீஸுக்கு இரண்டு ஹோம் ரன்கள் கொடுத்தார். முகாமையாளர் ஜொனி கீன் எழுந்து வரவில்லை. ஏழுக்கு ஐந்து என்று வெற்றி கிடைத்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டவர்களுக்கு, அந்த மனிதனின் இதயத்துக்குத் தான் கடமைப்பட்டிருந்ததாகக் கீன் பதில் சொன்னார். இந்த இடத்தில் பெரியவர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டுவார்.

மருமகன் சிரிப்பார். "மாமா, வெற்றி கிடைச்சதால அது கதையாப் போச்சு. தோத்திருந்தா கீனுக்கு மூளை இல்லையென்டு எழுதியிருப்பாங்க."

அவருடைய கணக்கு எளியது. துடுப்பாட்டக்காரர் ஒருவர் ஓர் எறிபவரை முதன்முறை சந்திக்கும்போது திணறுவார். இரண்டாம் முறை கொஞ்சம் பிடிபடும். மூன்றாம் முறை, பந்து கையிலிருந்து புறப்படும் விதம், திரும்பும் விதம் எல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கும். எறிபவரும் களைத்திருப்பார். பல ஆண்டுகளின் ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம் சந்திப்பில் அடி விழுவது கூடுகின்றது. ஆகவே அது வருமுன் புதிய கையைக் கொண்டுவருவதே புத்தி.

இந்தப் புத்திதான் 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மேட்டுக்கு நடந்து வந்தது. அன்று டம்பா பே அணிக்காக எறிந்தவர் இதே ஸ்னெல். எதிரணி டொட்ஜர்ஸ். ஒன்றுக்குப் பூச்சியம் என்று டம்பா பே முன்னிலையில் இருந்தது. 73 பந்துகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, இரண்டே ஹிட்டுகள் கொடுத்திருந்தார். அடுத்து வரவிருந்த மூவரையும் அன்றைக்கு ஆளுக்கு இருமுறை வீழ்த்தியிருந்தார். அவர்களை மூன்றாவது தடவை சந்திக்கும் நேரம். முகாமையாளர் கெவின் கேஷ் எழுந்து வந்தார். அவர் வருவதைக் கண்டதும் ஸ்னெல்லின் முகம் மாறியதை உலகமே பார்த்தது. பந்து கைமாறியது. புதியவரின் பந்தில் மூக்கி பெட்ஸ் இரண்டு பேஸ்களுக்கு அடித்தார். அந்த இனிங்ஸிலேயே முன்னிலை பறிபோனது. மூன்றுக்கு ஒன்று என்று ஆட்டமும் தொடரும் கைவிட்டுப் போயின.

தோற்றதால் கேஷ் பிழை என்று நான் சொல்லமாட்டேன். மருமகனின் நியாயம் இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். என்னை உறுத்துவது வேறு. கணக்கு சொன்னது எறிபவர்கள் என்ற ஒரு கூட்டத்தைப் பற்றி. மேட்டில் நின்றது ஒரு மனிதன். அன்றைய இரவில் அந்தக் கை எப்படி இருந்தது என்பதை ஆண்டுக்கணக்கான சராசரி சொல்லாது. அருகே போய் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று மருமகன் ஒருநாள் கேட்டார். நான் ஆசிரியனாக இருந்து அறுபது வயதில் ஓய்வு பெற்றவன். ஓய்வு தவறல்ல, பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் எனக்கு அது தபாலில் வந்தது. பெயர், பிறந்த திகதி, சேவைக் காலம் என்பவற்றோடு ஒரு தாள். சாதாரண தர மாணவர்களுக்குப் பாடத்தில் பாதி மிச்சமிருந்தது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்கவும் ஓர் ஆள் வரவில்லை. மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டும் முகாமையாளரைப் பார்க்கும்போது, இந்த மரியாதையாவது இவர்களுக்குக் கிடைக்கிறதே என்று தோன்றும்.

பெரியவரின் கட்சியிலும் நான் முழுதாகச் சேரவில்லை. நெஞ்சில் கை வைத்துச் சொல்லப்படும் கதைகளுக்குள் வெளியே தெரியாத ஒரு விலை இருக்கின்றது. அதைத் தன் கையால் கொடுத்தவர் டொட்ஜர்ஸின் சாண்டி கோபாக்ஸ். 1965 உலகத் தொடரின் முதலாவது ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரில் வந்தது. அன்று எறிய முடியாது என்று கோபாக்ஸ் ஒதுங்கிக்கொண்டார். அணி தோற்றது. அவர் அசையவில்லை. இறைவனுக்குரிய நாள் இறைவனுக்கே என்று உறுதியாக நின்ற ஒருவரை, எந்த மார்க்கத்தவராயினும், நாம் மதிக்காமல் இருக்க முடியாது. பின்னர் ஏழாவது ஆட்டத்துக்கு, இரண்டே நாள் ஓய்வோடு, வீக்கம் கண்ட முழங்கையோடு வந்தார். வளைந்து விழும் பந்து அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை. வேகப்பந்தையே நம்பி ஒன்பது இனிங்ஸ் எறிந்து, ஓர் ஓட்டமும் கொடுக்காமல் தொடரை வென்றார். அடுத்த ஆண்டு 27 வெற்றிகள். அதோடு ஓய்வை அறிவித்தார். வயது 30. மூட்டுவாதம் கையைத் தின்றுகொண்டிருந்தது.

"அந்தக் காலத்து வீரம் என்டு நீங்க சொல்றதெல்லாம் அந்த முழங்கையிலதான் எழுதியிருக்கு" என்றார் மருமகன். பெரியவரும் அன்று மறுத்துப் பேசவில்லை. 1974இல் ரொமி ஜோன் என்ற எறிவாளரின் முழங்கையில், அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்து நாரை எடுத்து வைத்துத் தைத்தார் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர். இன்று அந்தச் சத்திரசிகிச்சை அவ்வீரரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட அதற்கு ஆளாகின்றார்கள். அரங்கில் இருந்து கைதட்டுகிறவனுக்கு வலி தெரியாது. ஆகவே ஒருவர் கையை நீட்டிப் பந்தை வாங்குவது சில வேளைகளில் இரக்கமாகவும் இருக்கலாம்.

ஆனால் கோபாக்ஸின் கதையில் நான் கவனித்தது, மூன்று தடவையும் தீர்மானம் அவருடையதாக இருந்தது என்பதைத்தான். புனித நாளில் மாட்டேன் என்றவரும், கடைசி ஆட்டத்தில் வலியோடு ஏறி நின்றவரும், முப்பது வயதில் போதும் என்று இறங்கியவரும் ஒரே மனிதர். கை அவருடையது என்பதால் சொல்லும் அவருடையதாக இருந்தது. நம் மொழியில் சொன்னால், உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதை எதற்காக எவ்வளவு செலவிடலாம் என்பதில் அதைச் சுமப்பவனுக்கும் ஒரு வாய் இருக்க வேண்டும்.

அவ்வாண்டின் ஏழாவது ஆட்டம் நவம்பர் முதலாம் திகதி டொரன்டோவில் நடந்தது. மஃரிபுக்குப் பிறகு வந்து பார்த்தபோது டொரன்டோ முன்னிலையில் இருந்தது. ஒன்பதாவது இனிங்ஸில் மிகுவெல் ரொஹாஸின் ஹோம் ரன்னால் டொட்ஜர்ஸ் சமன் செய்தது. அதே இனிங்ஸின் பிற்பாதியில் டொரன்டோவின் இருவர் பேஸ்களில் நிற்க, மேட்டில் நின்றவர் ஸ்னெல். முகாமையாளர் டேவ் ரொபர்ட்ஸ் நடந்து வந்து கையை நீட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எதிரணியின் பக்கத்தில் இருந்து ஸ்னெல் நீக்கப்பட்டதைப் பார்த்தவர் இதே ரொபர்ட்ஸ்தான். இம்முறையும் ஸ்னெல் பந்தைக் கொடுத்தார்.

உள்ளே வந்தவர் யமமோட்டோ. முந்திய இரவுதான் 96 பந்துகள் எறிந்து ஆறாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர். தன்னால் முடியும் என்று அவரே சொல்லியிருந்தார். வந்ததும் ஒருவரின் உடம்பில் பந்து பட்டு, மூன்று பேஸ்களும் நிரம்பின. என் மகள் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மருமகன் எந்த எண்ணையும் சொல்லவில்லை. ஓர் ஓட்டமும் போகாமல் அந்த இனிங்ஸ் முடிந்தது. பதினோராவது இனிங்ஸில் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னோடு ஐந்துக்கு நான்கு என்று டொட்ஜர்ஸ் வென்றது. யமமோட்டோ எறிந்தது மேலும் 34 பந்துகள். அந்தத் தொடரில் அவருக்கு மூன்றாவது வெற்றி அது.

மறுநாள் பள்ளிவாசலில் இரு கட்சியாரும் தாமே வென்றதாகச் சொன்னார்கள். பெரியவருக்கு அது கிப்சனின் இதயம். மருமகனுக்கு அது, களைத்த கையை எடுத்துவிட்டு நல்ல கையைக் கொண்டுவந்த கணக்கு. யமமோட்டோ தோற்றிருந்தால் அதே ரொபர்ட்ஸை ஓர் இளைஞனின் கையை வதைத்தவர் என்று சொல்லியிருப்பார்கள்.

எனக்கு மட்டும், கேட்டு வாங்குவதற்கும் பறித்து எடுப்பதற்கும் உள்ள தூரம் மனதில் நின்றது. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கடைச் சாவி ஒருநாள் வாப்பாவிடமிருந்து மகனின் கைக்கு வரத்தான் வேண்டும். வீட்டுச் சமையல் உம்மாவிடமிருந்து மருமகளுக்குப் போகத்தான் வேண்டும். வராமல் இருந்தால் கடையும் கெடும், சுமந்தவரும் விழுவார். சாவி மேசையில் கிடக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அருகே போய், "வாப்பா, களைச்சிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் பார்ப்பீங்களா?" என்று கேட்டும் வாங்கலாம். சாவி என்னவோ ஒன்றுதான்.