டேப் ஒட்டிய சுவிட்ச்

ஏற்காட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் மதியம் வரை நல்ல வெயில் அடிக்கும். பிறகு மேகம் இறங்கி, இடியும் மின்னலுமாகக் கொட்டும். தோட்டத்து சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தால் போதும், கரண்ட் போகும், இல்லையென்றால் நெட் போகும். வீட்டுக்கு 'ஸ்மார்ட்' சாமான் வாங்க நினைக்கும் என் வயதுக்காரர்கள் விலையைப் பார்க்கும் முன் இந்த இடிமழையை நினைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது பட்டுத்தான் தெரிந்தது.

போன வருடம் விடுமுறைக்கு வந்த மகன், படுக்கையறைக்கு ஒரு ஸ்மார்ட் பல்பும், சொன்னதைக் கேட்டுச் செய்யும் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிவந்தான். அந்த பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால்தான் அது நம் பேச்சைக் கேட்கும். அதனால் சுவர் சுவிட்சை யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு ஊருக்குப் போனான்.

ஸ்பீக்கரின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, பிரெஞ்சு இருந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா உத்தியோகத்தில் அந்த பாஷைக்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை. இப்போது 'அலூம் லா லுமியேர்' என்றால் விளக்கு எரிகிறது! வந்தவர் போனவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன்.

"என்னங்க, அதுகிட்ட நான் எப்படிப் பேசறது?" என்று மனைவி கேட்டாள்.

"போகப் போகப் பழகிடும்" என்றேன்.

வைகாசியில் ஒரு ராத்திரி, மழை விட்ட பிறகு, இவள் பாத்ரூம் போக எழுந்தாள். தெரிந்த தமிழில் விளக்கைப் போடச் சொல்லியிருக்கிறாள். பெட்டி பேசவில்லை. சுவரைத் தடவி சுவிட்சைத் தேடியவள் கைக்கு டேப் தட்டுப்பட்டது. மகன் சொன்னது நினைவுக்கு வந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த அடியில் முக்காலி தடுக்கி விழுந்தாள்.

சத்தம் கேட்டு எழுந்து நான் பிரெஞ்சில் கத்தினேன். இன்டர்நெட் இல்லை என்று அது பிரெஞ்சிலேயே பதில் சொன்னது. கடைசியில் தலையணைக்கடியில் இருந்த பழைய டார்ச்தான் கைகொடுத்தது. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது. டேப்பைப் பிய்த்து சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் விளக்கு தானே எரிந்திருக்கும் என்று மகன் மறுநாள் போனில் சொன்னான். அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றினோம். படுக்கையறையில் சாதாரண எல்.இ.டி. பல்பு, சாதாரண சுவிட்ச். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பேட்டரியில் ஓடும் சென்சார் விளக்கு இரண்டு. ஆள் நடமாடினால் உடம்புச் சூட்டை உணர்ந்து எரியும், சற்று நேரத்தில் அணையும். நெட் வேண்டாம், கரண்ட் வேண்டாம், எந்த பாஷையும் வேண்டாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஸ்மார்ட் விளக்குதான் வேண்டுமென்றால், பழைய சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் சிறு கருவி இருக்கிறது. கையாலும் போடலாம், போனிலும் போடலாம். ஆனால் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்காது. இந்தக் கருவிகளில் பலவற்றுக்கு அது வேண்டும். வாங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்க் குளிருக்கு எல்லாரும் கேட்பது கீசர். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13. ஆகவே 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான் வாங்க வேண்டும். விளக்குக்கு விற்கும் சின்ன பிளக்கில் மாட்டினால் சூடேறி உருகும்.

இணைக்கும்போது 'கிடைக்கவில்லை' என்றே வந்துகொண்டிருந்தால் சாமானைக் குறை சொல்லாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். உங்கள் போன் 5-ல் இருக்கலாம். இங்குள்ள கனத்த கல்சுவர்களைத் தாண்டுவதும் 2.4-தான். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறதென்று ஒரே ஆளுக்குத் தெரிந்த ஆபீஸ், அவர் லீவு போட்டால் நின்றுவிடும்.

எது வாங்கினாலும், நெட் இல்லாத ராத்திரியில், நீங்கள் இல்லாதபோது, உங்கள் மனைவியால் அதை இயக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அது வீட்டுக்கு வாங்கிய சாமான் இல்லை. நமக்காக வாங்கிக்கொண்ட பொம்மை. நான் வைத்திருந்தது பொம்மைதான்.

ஸ்பீக்கர் இப்போது ஹாலில் இருக்கிறது. அதை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டேன். "லைட் ஆன்" என்று இவளே சொல்லிக்கொள்கிறாள். சுவிட்சில் மட்டும் டேப்பின் பிசின் தடம் இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப் போனாள், இருக்கட்டும் என்றேன்.