வாப்பாவின் ஹொண்டா

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பல வீடுகளில் கொட்டிலின் ஓரத்தில் சாக்கால் மூடிய ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும். "யாருடையது?" என்று கேட்டால் "அவருடையது" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சுத் தொடராது. ஓட்ட ஆளில்லை, விற்க மனமில்லை. கடைசியில் ஒருநாள் அது பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறிவிடும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நின்றது. அதைத் திருத்தி விற்ற கதையைச் சகோதரிகளோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீடு கல்முனைக்குடியில் இருக்கிறது. வாப்பா மருதமுனை நெசவாளர்களிடம் சாரம் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். அதற்காக எண்பதுகளில் பழையதாக வாங்கியதுதான் அந்த ஹொண்டா சி-50. பின்னால் இரும்புக் கெரியர் ஒன்று பூட்டி, அதில் சாரக் கட்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டு போவாராம்.

1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. அந்நாட்களில் எங்கள் பகுதியில் வீட்டைவிட்டுப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. முஸ்லிம்களும் காணாமற் போனார்கள், தமிழர்களும் காணாமற் போனார்கள். ஒரு வீட்டு அழுகை மற்ற வீட்டு அழுகைக்குக் குறைந்ததல்ல. மட்டக்களப்புப் பக்கம் லொறியில் போன வாப்பாவும் வரவில்லை. எனக்கு அப்போது இரண்டு வயது. லொறியில் போனதால் ஹொண்டா வீட்டிலேயே நின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் மிஞ்சின. ஹொண்டாவை இரண்டு ஒழுங்கைகள் தள்ளி மணலுக்குள்ளிருந்து எடுத்தோம். அதன் பதிவுப் புத்தகம் உம்மம்மா வீட்டில் இருந்ததால் தப்பியது. உம்மா அதைத் தனது கலியாணப் பதிவோடு சேர்த்து வைத்துக்கொண்டா.

2018 இல் ஹொண்டாவை விற்கும் பேச்சு வந்தது. நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் உம்மாவின் நகைகள் வங்கியில் அடகுக்குப் போயின. ஒவ்வொரு வருடமும் வட்டி கட்டித் திருப்பித் திருப்பி வைத்தோம். "இத வித்தாவது ஒரு மாலைய மீட்பமா, மகள்?" என்று உம்மாதான் முதலில் கேட்டா. 28 வருடங்களாக அந்த மோட்டார் சைக்கிளில் யாரையும் கை வைக்க விடாத உம்மா!

பழைய இரும்புக்காரர் 6,000 ரூபா தருவதாகச் சொன்னார். பக்கத்து ஊர் மெக்கானிக் தம்பியோ, "ராத்தா, இரும்புக்குக் குடுத்துராதீங்க. இதுக்கு ஆள் இரிக்கு" என்றார்.

அதன் பிறகுதான் இந்த வண்டியைப் பற்றித் தேடி வாசித்தேன். இந்த வகை மோட்டார் சைக்கிளை ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் 1958 இல் அறிமுகப்படுத்தியது. ஒரே ஒரு சிலிண்டர், 49 சி.சி. கையால் பிடிக்கும் கிளச் இல்லை. சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் ஏந்தியபடி கடைப் பையன் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எண்ணியே அப்படி அமைத்தார்களாம். காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம் என்பதால் சாரி, அபாயா உடுத்த பெண்களுக்கும் வசதி. 2017 இல் இந்த வகையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. வேறெந்த மோட்டார் வாகனமும் இத்தனை செய்யப்படவில்லை. இந்தியாவில் பழைய புல்லட்டைப் புது வடிவத்துக்கு மாற்றி ஓட்டுவது போல, நமது நாட்டிலும் இளைஞர்கள் பழைய ஹொண்டாவை வெட்டி, ஒட்டி, நிறம் மாற்றி ஓட்டுகிறார்கள்.

தம்பியும் அப்படித்தான் யோசனை சொன்னார். முன்னால் உள்ள பிளாஸ்டிக் கால்மறைப்பைக் கழற்றுவது, கெரியரை எடுத்துவிட்டுச் சின்ன சீற் போடுவது, ஹேண்டிலை மாற்றிக் கறுப்பு நிறம் அடிப்பது, உப்புத் தண்ணீரில் இறுகிப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு 110 சி.சி. சீன எஞ்சின் ஒன்றைப் பூட்டுவது. அப்படிச் செய்தால் உடனே விலைபோகும் என்றார்.

நான் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அதில் எழுதப்பட்டிருந்தன. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். பதியாமல் விற்றால் வாங்குபவர் வீதியில் மாட்டிக்கொள்வார். ஆகவே எஞ்சினை மாற்றவும் சட்டத்தை வெட்டவும் வேண்டாம் என்றேன். சிலிண்டரைப் போர் அடித்து, ஒரு அளவு பெரிய பிஸ்டனும் றிங்கும் போட்டார்கள். காபரேட்டரைக் கழுவினார்கள். ரயர், செயின், வயர் எல்லாம் புதிது. மற்ற மாற்றங்களைத் தம்பி விருப்பப்படியே செய்தார். எல்லாமாக 38,000 ரூபா முடிந்தது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் உம்மா ஊசியால் குத்தி ஒன்றாக வைத்தா.

கழற்றிய சாமான்களைக் கராஜில் எறியப் போனபோது உம்மா விடவில்லை. "கெரியர அவர்தான் பூட்டினவர்" என்று சொல்லி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தா. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்ததாக ஒரு தரகர் வந்தார். "பேர் மாத்துற வேல எல்லாம் எதுக்கு? ஓப்பன் பேப்பர்ல குடுங்க. புத்தகத்தில இரிக்கிற ஆள்ர கையெழுத்துத்தானே, நீங்களே போட்டு விடுங்க" என்றார். எங்கள் மாமாவும் "எல்லாரும் செய்யிறதுதானே" என்றார்.

உம்மா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா: "அவர்ர கையெழுத்த நான் போட ஏலா. போட்டா அவர் இன்டைக்கு இங்க இருந்து வித்ததா ஆகும். அவர் இங்க இல்ல."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உம்மாவுக்கு 28 வருடங்கள் எடுத்தன. நட்டஈட்டுக்காகவென்று பலர் வற்புறுத்தியபோதும் மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்தவ. இத்தாவும் இருக்காதவ. காணாமற் போனவர் இறந்ததாக ஏற்க விரும்பாத குடும்பங்களுக்காக 2016 இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. காணாமையைக் குறிப்பிடும் சான்றிதழ் ஒன்றைப் பெற்று, அவரது சொத்துகளைத் தற்காலிகமாக நிர்வகிக்க அது வழி செய்கிறது. அதையும் உம்மாவுக்கு விளக்கினேன். எங்களிடம் பெயர் மாற்றத்துக்குக் கேட்கப்பட்டதோ மரணச் சான்றிதழ். "எடுப்பம் மகள்" என்றா உம்மா. அவவைச் சம்மதிக்க வைக்க நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. எத்தனையோ பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த என் கை, உம்மாவின் படிவத்தை நிரப்பும்போது நடுங்கியது.

சான்றிதழ் கிடைத்ததும், எங்களோடு பங்குள்ள வாப்பாவின் சகோதரரிடமும் சம்மதக் கடிதம் வாங்கினோம். ஹொண்டா உம்மாவின் பெயருக்கு மாறியது. அவவின் பெயரில் அதுவரை இருந்த ஒரே பத்திரம் அடையாள அட்டைதான்.

பழைய வாகனங்களில் விருப்பமுள்ள ஒருவர் கண்டிப் பக்கத்திலிருந்து பார்க்க வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், இலக்கங்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், திருப்திப்பட்டார். கறுப்பு நிறத்தையும் புது ஹேண்டிலையும் பார்த்து முகம் சுளித்தார். "பழைய சாமான் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். உம்மா உள்ளே போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தா. அவர் சொன்ன விலை 70,000 இலிருந்து 95,000 ஆக ஏறியது. கெரியரை மட்டும் உம்மா கொடுக்கவில்லை.

படிவங்களில் உம்மா தனது பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டா. விற்றுவிட்டதைத் திணைக்களத்துக்கும் அறிவித்தோம். மாலையை மீட்டோம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எங்கோ ஏறியது. "பொறுத்திருந்தா நல்ல காசு வந்திருக்கும்" என்று சிலர் சொன்னார்கள். உம்மா கவலைப்படவில்லை.

சகோதரிகளே, உங்கள் கொட்டிலிலும் அப்படி ஒன்று நிற்கலாம். அதை விற்பதா, வைத்திருப்பதா, நீங்களே ஓட்டுவதா என்பது உங்கள் விருப்பம். விற்பதானால் முதலில் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். இலக்கங்கள் சரிதானா என்று பாருங்கள். ஒரு மெக்கானிக் மட்டுமல்ல, இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அழகுக்காகக் கழற்றிய எதையும் எறிய வேண்டாம். ஓப்பன் பேப்பரில் விற்றால், நாளை அந்த வாகனம் விபத்தில் சிக்கும்போது விசாரணை புத்தகத்தில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். இல்லாத மனிதரின் கையெழுத்தை உங்கள் கையால் போட வேண்டாம். அவர் இறந்ததாகப் பதிவதா, காணாமற் போனவராகவே வைத்திருப்பதா என்ற முடிவை மாமாவோ தரகரோ என்னைப் போன்ற உத்தியோகத்தரோ எடுக்க முடியாது. நீங்கள்தான் எடுக்க வேண்டும். அவசரமில்லை.

எங்கள் கொட்டில் இப்போது வெறுமையாக இருக்கிறது. கெரியரை உம்மா கிணற்றடியில் வைத்து, அதன்மேல் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்க்கிறா.