ஆயாவின் ஜன்னல்

ஒரு சின்ன டெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்! உங்க வீட்டுல ஸ்லைடிங் அலுமினிய ஜன்னல் இருந்தா, எழுந்து போய் அதோட கீழ் ஃபிரேமை வெளிப்பக்கமா எட்டிப் பாருங்க. ரெண்டு மூணு சின்ன ஓட்டை தெரியுதா? தெரிஞ்சா சந்தோஷம். யாராவது அதை சிலிகான் வச்சு அடைச்சிருந்தா, அடுத்த மழைக்குள்ள இதைப் படிச்சு முடிச்சிடுங்க. எங்க வீட்டுல அடைச்ச புண்ணியவான் யாருன்னு கேக்குறீங்களா? அடியேன்தான்.

எங்க வீடு திருவண்ணாமலையில செங்கம் ரோடு பக்கம், முதல் மாடி. ஆயா ரூம்ல வடக்கு பார்த்த ஜன்னல். கட்டில்ல படுத்தபடியே மலை உச்சி தெரியும். முட்டி தேய்ஞ்சு போனதுல இருந்து ஆயாவுக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் கிடையாது, மொட்டை மாடி கூட கிடையாது. பௌர்ணமியோ தீபமோ, எல்லாமே அந்த ஜன்னல் வழியாதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்ததோட போச்சா? அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அப்புறம் நகர்ந்து எங்க பக்கம் வந்தது. டிசம்பர் 1 சாயங்காலம் வ.உ.சி. நகர்ல மலையில இருந்து பாறையும் மண்ணும் சரிஞ்சு ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர் இறந்துட்டாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க.

அந்த ராத்திரி ஆயா ரூம் ஜன்னல் ஒழுகியிருக்கு. சும்மா சொட்டு சொட்டா இல்லை, டிராக் நிரம்பி சுவர் வழியா இறங்கி மெத்தை முழுக்க ஊறியிருக்கு. ஆயா எங்களை எழுப்பவே இல்லை. காலையில பார்த்தா, நனையாத ஓரமா சுருண்டு படுத்திருக்காங்க, உடம்பு அனலா கொதிக்குது. “ஏன் ஆயா கூப்பிடலை?”ன்னு கத்தினேன். “அங்க புள்ளைங்களே மண்ணுக்குள்ள கிடக்குது. எனக்கு மெத்தை நனைஞ்சா என்னாடா?”ன்னாங்க. எனக்கு பதில் வரலை.

அப்பாவுக்குக் கோபம். யார் மேலன்னு அவருக்கே தெரியலை, ஜன்னல் மேல காட்டினார். “இதைப் பேத்து எடுத்துட்டு செங்கல் வச்சு அடைச்சிடலாம். தீபம் முடிஞ்சதும் மேஸ்திரி வர்றார்.” ஆயா தலையாட்டினாங்க. ஆனா அன்னிக்கு முழுக்க மலையைப் பார்த்தே படுத்திருந்தாங்க. தீபம் டிசம்பர் 13. “அதுக்குள்ள நான் சரி பண்றேன்”னு சொல்லிட்டேன். எப்படின்னு சத்தியமா தெரியாது!

போளூர்ல அலுமினிய வேலை பார்க்கிற மாமாவுக்கு போன் போட்டேன். புயலடிச்ச வாரம், அவருக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. போன்லயே வைத்தியம். முதல் பாடம்: தண்ணி தெரியுற இடம் வேற, நுழையுற இடம் வேற. “கீழே இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேலே தண்ணி ஊத்திப் பாரு. உள்ளே ஒரு ஆள் இருக்கணும்.” மேலே இருந்து ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு, எது குற்றவாளின்னே தெரியாதாம். நான் போர்ட்டிகோ தளத்துல மக்கோட, ஆயா உள்ளே கட்டில்ல. “வரலை... வரலை... ஏய், வந்துடுச்சுடா!” காய்ச்சல் விட்டதும் ஆயா பண்ண முதல் கமென்டரி அது.

விஷயம் இதுதான். ஸ்லைடிங் ஜன்னல் தண்ணியை முழுசா தடுக்காது. கீழ் டிராக்குக்கு வர்ற தண்ணி அந்த ஓட்டைங்க வழியா வெளியே வடியணும். அதைத்தான் நான் பிளஸ் ஒன் லீவுல ‘எறும்பு வருது’ன்னு அடைச்சு, மூணு வருஷமா பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். வெளியே போக வழியில்லாத தண்ணி உள்ளே வராம என்ன பண்ணும்? தப்பு என் மேலதான், யுவர் ஆனர்!

ஓட்டையைத் திறந்ததோட முடியலை. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த பழைய சிலிகானும் உரிஞ்சு தொங்கிச்சு. பழசு மேல புதுசு ஒட்டாது. அதனால கட்டர் பிளேடால மொத்தத்தையும் சுரண்டணும். ரெண்டு நாள், நாலு பிளேடு, ஒரு விரல்ல பிளாஸ்திரி. ஃபிரேம் வேற வெள்ளை வெள்ளையா திட்டு. பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு சுண்ணாம்பு அடிக்கிறப்போ தெறிச்சது. அலுமினியத்துக்கு சுண்ணாம்பும் சிமென்டும் ஆகாது, அரிச்சிடும். ஆசிட்டும் ஆகாது, அதனால பாத்ரூம் ஆசிட்டைத் தூக்கிட்டு ஓடாதீங்க. இரும்பு நாரும் வேண்டாம், அதோட துகள் ஒட்டிக்கிட்டு பின்னாடி துருப்பிடிக்கும். 400 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 600, நிறைய தண்ணி, நிறைய பொறுமை. தேய்ச்சு காய்ஞ்ச அன்னிக்கே அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் அடிச்சிடணும். சாதாரண பிரைமர் நிக்காது. அதுக்கு மேல ஸ்ப்ரே பெயின்ட். கலர் மத்த ஜன்னலோட மேட்ச் ஆகலை. ஆயாவைத் தவிர எல்லாரும் அதைச் சொல்லிக் காட்டிட்டாங்க.

ஒரு இடைச்செருகல். இந்தத் தலைவலி வீட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்லை. பழைய பாய்மரப் படகு வச்சிருக்கவங்களும் ஜன்னல் ஃபிரேமைக் கழட்டி, தேய்ச்சு, திரும்ப சீல் பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க. அலுமினியத்துல வேற உலோக ஸ்க்ரூ இறங்கி, உப்புத் தண்ணியும் சேர்ந்தா, ஸ்க்ரூவைச் சுத்தி அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். எங்க வீடு ஒழுகின அதே வாரம், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்து தில்னாவும், நம்ம கடற்படையோட ‘தாரிணி’ங்கிற 17 மீட்டர் பாய்மரப் படகுல, ஆஸ்திரேலியாவுல இருந்து நியூசிலாந்துக்குப் போயிட்டிருந்தாங்க. ரெண்டே பேர், உலகத்தைச் சுத்துற பயணம். நடுக்கடல்ல எது ஒழுகினாலும் போளூர் மாமா கிடையாது!

பெயின்ட் காய்ஞ்ச பிறகுதான் சிலிகான். வரிசை மாறினா அவ்வளவுதான், சிலிகான் மேல பெயின்ட் ஒட்டாது. கடையில கேட்டா முதல்ல மலிவானதை நீட்டுவாங்க. பிதுக்கினா காடி வாசனை வரும். அது கண்ணாடிக்கு ஓகே, சிமென்டுல சரியா பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். ‘நியூட்ரல்’னு போட்டதைக் கேட்டு வாங்குங்க. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பா கன்னை இழுத்து, சோப்புத் தண்ணியில நனைச்ச விரலால வழிச்சு, உடனே டேப்பை உரிக்கணும். அந்த ‘உடனே’வை நான் கவனிக்கலை. டீ குடிச்சிட்டு வந்து உரிச்சேன், பாதி சிலிகான் டேப்போட வந்துடுச்சு. மறுபடி முதல்ல இருந்து.

டிசம்பர் 12 திரும்ப மழை. ஆயா கட்டில் பக்கத்துல பாய் போட்டு, டார்ச்சோட படுத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை டிராக்கைப் பார்த்தேன். தண்ணி வந்தது. வந்து, ஓட்டை வழியா வெளியே போனது. “தூங்குடா, ஒழுகினா நான் கூப்பிடுறேன்”ன்னாங்க ஆயா. போன தடவை கூப்பிடாதவங்க. அதுக்கப்புறம் எப்படித் தூங்குறது?

13-ம் தேதி. மண்சரிவால அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடலை. சாயங்காலம் ஆயாவைத் தலையணை வச்சு நிமிர்த்தி உட்கார வச்சோம். “கண்ணாடி வேணாம், திறடா”ன்னாங்க. வீல்ல எல்லாம் அழுக்கு எடுத்திருந்ததால ஒரு விரல்ல நகர்ந்தது. ஆறு மணி. உச்சியில தீபம். ஆயா கும்பிட்டுட்டு, உதட்டுக்குள்ள ஏதோ முணுமுணுத்தாங்க. வ.உ.சி. நகர்னு மட்டும் என் காதுல விழுந்தது.

மறுநாள் அப்பா மேஸ்திரிக்கு போன் பண்றது கேட்டது. “ஜன்னலை எடுக்க வேணாம். சன்ஷேடை மட்டும் ஒரு அடி நீட்டணும், எப்ப வர்றீங்க?”