வாகனத்தின் வடு

கண்டி நகரிற் சில ஆண்டுகள் ஓடிய காரொன்றின் உடம்பைப் பார்த்தே அஃது எவ்வழிகளிற் சென்று வந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். இடப்புறக் கதவுகளில் நீண்ட கீறல் கிடந்தால், ஒடுங்கிய மலைப்பாதையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுக் கருங்கல் அணைச்சுவரை உரசியிருக்கும். முன் பம்பரின் அடி தேய்ந்திருந்தால், வீதியிலிருந்து செங்குத்தாக இறங்கும் வீட்டு வாசலொன்று அதன் உரிமையாளருக்கு வாய்த்திருக்கும். உடவத்தகெலே வனத்தை அண்டிய வீடுகளிலோ குரங்குகளும் தம் பங்கைச் செய்கின்றன. கூரையிற் குதித்து நெளிப்பதோடு வைப்பர் இறப்பரையும் பிடுங்கிச் செல்வன அவை. இத்தழும்புகளிற் பெரும்பாலானவை எஞ்சினுக்கோ பிரேக்குக்கோ யாதொரு தீங்கும் செய்வனவல்ல. ஆயினும் விற்கும் நாள் வந்ததும் உரிமையாளரின் உறக்கத்தைக் கெடுப்பவை இவையே.

கெடுப்பதற்குக் காரணமும் உண்டு. இந்நாட்டில் நடுத்தரக் குடும்பமொன்றுக்குக் கார் என்பது போக்குவரத்துச் சாதனம் மட்டுமன்று. வீட்டுக்கு அடுத்தபடியான சேமிப்பு. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ 5 ஆண்டுகளில், பத்தும் இருபதும் வயதான கார்கள் வாங்கிய விலையினும் கூடிய விலைக்குக் கைமாறின. பொருளின் விலை ஏறும்போது அதன் மீதுள்ள கீறலின் விலையும் ஏறுவது இயல்பன்றோ? வாங்க வருபவர் காரைச் சுற்றி வரும்போது விரலை வைத்துக் காட்டும் ஒவ்வோரிடமும் விலையைக் குறைக்கும் ஒரு வாதமாகிறது.

எனவே விற்பவர் கராஜை நாடுகிறார். அங்கே டிங்கரிங் செய்யும் பாஸ் கதவை மட்டுமல்ல, முழுக் காரையும் பூசிவிடலாம் என்கிறார். இந்த யோசனையிலேதான் வேடிக்கை இருக்கிறது. தொழிற்சாலையிற் பூசப்பட்ட வர்ணத்தின் தடிப்புப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையிலேயே அமையும். ஒரு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. மீளப் பூசினால் அது கிட்டத்தட்ட இருமடங்காகும். பட்டி வைத்து நிரப்பிய இடமாயின் 1,000 மைக்ரோனையும் தாண்டும். இதனை அளக்கும் சிறு கருவி இன்று வியாபாரிகள் பலரிடம் உண்டு. இல்லாதவர் மெல்லிய துணியிற் சுற்றிய காந்தத் துண்டைக் கொண்டு வருகின்றனர். உருக்குத் தகட்டில் ஒட்டும் காந்தம் பட்டியின் மேல் வழுக்கி விழும். பிளாஸ்ரிக் பம்பரில் இச்சோதனை செல்லாது என்பதை அறியாமல் அங்கும் காந்தத்தை வைத்துப் பார்த்துத் தலையசைப்போரும் உளர். ஆகவே, விளம்பரங்களில் ‘ஒரிஜினல் பெயின்ற்’ என்ற சொற்களுக்கு இருக்கும் மதிப்பு, பளபளக்கும் புது வர்ணத்துக்கு இல்லை. ஒரு கீறலை மறைக்கப் பூசிய பூச்சு, அதன் கீழே எத்தகைய விபத்து மறைந்துள்ளதோ என்ற ஐயத்தை எழுப்பிவிடுகிறது.

நகத்தால் வருடும்போது தடக்காத மெல்லிய கீறலைப் பொலிஷ் செய்து போக்குவது முறையே. வீட்டைக் கூட்டிவிட்டு விருந்தினரை வரவேற்பது போன்றது அது. நகம் தடக்கும் ஆழமான கீறலுக்குச் செலவிடும் பணம் விலையில் திரும்பி வருவது அரிது. ஆனாற் கதவின் அடிவிளிம்பில் வர்ணம் கொப்புளித்து நின்றால் அதனை அழகுக் குறை என்று கொள்ளலாகாது. கண்டியின் மழையில் இலைச்சருகு நீர்வடியும் துளைகளை அடைத்துவிட, தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து வெளிவரும் அடையாளம் அது. அதன்மேல் வர்ணம் பூசி விற்பது ஏமாற்று என்பதில் ஐயமில்லை.

வாங்குபவரின் பேதைமையும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. ‘கடற்காற்றுப் படாத மலைநாட்டுக் கார்’ என்று விற்பவர் பெருமை பேசுவார். அதில் உண்மை உண்டு. உப்புக்காற்றின் அரிப்பு இங்கில்லை. ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தை ஆண்டுக்கணக்காய் ஏறி இறங்கிய காரின் கிளச்சும் பிரேக்கும் பட்டபாட்டை எந்தக் கதவும் காட்டாது. கீறலைத் தேடி மூன்றுமுறை வலம் வருபவர், ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க மறந்துவிடுகிறார்.

யப்பானிய வாகன ஏலக்கூடங்களில் வேறொரு வழக்கம் நிலவுகிறது. அங்கே பரிசோதகர் காரின் வரைபடமொன்றில் ஒவ்வொரு குறையையும் அதனதன் இடத்திற் குறிக்கிறார். ‘ஏ’ என்றாற் கீறல், ‘யூ’ என்றால் நெளிவு, ‘டபிள்யூ’ என்றாற் திருத்திய இடத்தின் அலைவு, ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் மாற்றப்பட்ட பாகம். பக்கத்தில் நிற்கும் இலக்கம் குறையின் அளவு. காரைக் கண்ணாற் காணாதவரும் இத்தாளை நம்பி விலை கேட்கின்றனர். இலங்கைக்கு வந்த மீள்சீரமைத்த கார்கள் பலவும் இவ்வேலங்களிலிருந்தே வந்தன. கார் மட்டும் ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போய்க்கொண்டிருக்க, தாள் எங்கோ வழியில் தங்கிவிடுகிறது!

அத்தாள் இல்லாத சந்தையில் நேர்வதென்ன என்பதைப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய கார்களையே உதாரணமாகக் கொண்டு விளக்கினார். விற்பவர் காரின் குறையை அறிவார், வாங்குபவர் அறியார். அறியாதவர் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான ஒரு விலையையே தருவார். அவ்விலைக்கு நல்ல காரை விற்க மனமின்றி அதன் உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ள, சந்தையிற் பழுதானவையே மிஞ்சும். 2001இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அவரும் ஒருவர். இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், பொருளைப் பரிசோதித்து வாங்கியவர் அப்பரிசோதனையிற் புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்காகப் பின்னர் வழக்காடப் பெரிதும் இடமளிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் கீறல் வாங்குபவரின் பொறுப்பு. தெரியாததைப் பற்றி விற்பவரின் வாய்தான் பேசவேண்டும்.

‘வடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் தழும்பு என்றும் பழி என்றும் இருபொருள் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வடுவுக்கு அஞ்சி மெய் பேசினர் என்கிறது பட்டினப்பாலை. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல்லாண்டு ஓட்டிய தமது கொறோலாவை விற்க முனைந்தபோது இவ்விரு வடுக்களும் ஒருங்கே எதிர்ப்பட்டன. ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக் கூரையை மாற்றப் பணம் வேண்டியிருந்தது. பின்கதவில் எவருக்கும் தெரியும் கீறல் ஒன்று. முன் மட்காட்டில் பட்டியும் வர்ணமும் மூடிய பழைய அடி ஒன்று.

“சேர், ரெண்டையும் சேர்த்து அடிச்சா ஒருத்தருக்கும் விளங்காது,” என்றார் பாஸ்.

“விளங்காதுதான் தம்பி. ஆனா எனக்கு விளங்குமே,” என்றார் அவர்.

கீறல் கீறலாகவே இருந்தது. முதலில் வந்தவரிடம் மட்காட்டைப் பற்றிச் சொன்னதும், அவர் இன்னும் என்னென்ன உண்டோ என்று அஞ்சித் திரும்பிப் போனார். மெய் சொன்னவுடன் நம்பிக்கை பிறந்துவிடும் என்று எண்ணுவோர் சந்தையை அறியாதவர். இரண்டு கிழமை கழித்துக் கம்பளையிலிருந்து வந்த இளைஞர் காந்தத்தோடு வந்தார். சொன்ன இடத்தில் அது வழுக்கியது. மற்றெல்லா இடத்திலும் ஒட்டியது. அதன்பின் அவர் கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மட்காட்டுக்காக மட்டும் விலையைக் குறைத்தார். கிடைத்த தொகை எதிர்பார்த்ததிலும் குறைவுதான். கூரையின் மழைப்பக்கம் அவ்வாண்டு மாற்றப்பட்டது. மற்றப் பக்கத்தின் மேல் தார்ப்பாய் விரிக்கப்பட்டது.