மாசு என்றொரு சொல்

'டோப்பிங்' என்பதை நம் பாடநூல்கள் 'மாசூட்டல்' என்று எழுதுகின்றன. ஆய்வகத்தில் கழித்த நான்கு ஆண்டுகளும் இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாசு நீக்க வேண்டியதல்லவா, அதைப் போய் ஊட்டுவார்களா? அதிலும் நாங்கள் செய்ய முயன்றது காரீயம் என்ற மெய்யான மாசினை விலக்கிய ஒரு பீங்கான். (ஈயச் சொம்பின் ஈயம் வேறு, அது வெள்ளீயம்.) ஒரு நஞ்சை வெளியேற்றுவதற்காக வேறு சில அந்நியத் தனிமங்களைத் துளித்துளியாக உள்ளே அழைத்துக்கொண்டிருந்தோம்.

அழுத்தமின் விளைவை 1880இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் கண்டறிந்தனர். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும். மின்னழுத்தம் தந்தால் அவை நூலிழையிலும் நுண்ணிய அளவில் உருமாறும். அடுப்பு லைட்டரிலும், கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் கருவியிலும் வேலை செய்வது இதுதான். 1950களிலிருந்து இந்தப் பணியைப் பெரும்பாலும் ஏற்றிருப்பது காரீய சிர்க்கோனேட் டைட்டனேட். அதன் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் காரீயம். 2006 ஜூலை முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியமும் இதற்கு விலக்களித்தது. ஈடான மாற்று கையில் இல்லை.

மாற்றாக முன்னிற்பவற்றுள் ஒன்று பொட்டாசியம் சோடியம் நையோபேட். இதனோடு பழகுவது எளிதல்ல. மூலப்பொருளான கார்பனேட்டுகள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அடுப்பில் உலர்த்தி, ஆறும் முன்னே நிறுக்க வேண்டும். 1100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகிப் போகும். எல்லாம் சரியாக அமைந்து, எண்ணெயில் மூழ்க வைத்து உயர் மின்னழுத்தம் ஏற்றி அளந்தாலும், மாசு ஊட்டாத வில்லை ஒரு நியூட்டன் விசைக்குத் தருவது 80 பிக்கோகூலும் அளவில்தான். காரீயப் பீங்கான் பல நூறு தரும்.

2004இல் ஜப்பானில் சைட்டோவும் அவருடைய குழுவினரும் இதே பொருளில் லித்தியம், டாண்டலம், ஆண்டிமனி ஆகியவற்றைச் சேர்த்து 300 வரை கொண்டுவந்தனர். துகள்களை ஒரே திசையில் அடுக்கி 416ஐ எட்டினர். என்ன நடந்தது? இந்தப் பொருள் 200 டிகிரியை ஒட்டி ஒரு படிக அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். சேர்த்த தனிமங்கள் அந்த மாற்றத்தை அறைவெப்பநிலைக்கு இழுத்து வந்தன. இரண்டு அமைப்புகளும் சமபலத்தில் நிற்கும்போது, உள்ளிருக்கும் மின்முனைகள் எந்தப் பக்கமும் எளிதில் திரும்பும். சிறு அழுத்தமும் பெரிய பதிலைப் பெறும்.

அதற்கு விலையும் உண்டு. அறைவெப்பநிலையில் தடுமாறும் பொருள் வெயிலுக்கும் குளிருக்கும் வேறுவேறாய் நடந்துகொள்ளும். அழுத்தமின் தன்மை முற்றிலும் அழியும் கியூரி வெப்பநிலையும் ஏறத்தாழ 420 டிகிரியிலிருந்து 250க்கு இறங்கிவிட்டது. தாமிரம் சேர்த்தால் கதை நேர்மாறு. ஐந்து மின்னூட்டம் கொண்ட நையோபியத்தின் இடத்தில் இரண்டே கொண்ட தாமிரம் அமர, அந்தக் குறையை ஈடுகட்ட ஆக்சிஜன் வெளியேறி வெற்றிடங்கள் தோன்றும். அவை உள் எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். உணர்வு குறையும், ஆற்றல் வீணாவதும் குறையும். ஓயாமல் அதிர வேண்டிய கருவிக்கு இந்த முரட்டுப் பீங்கானே ஏற்றது. உணர்கருவிக்கு மற்றது. எது நல்ல பீங்கான் என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது 2016இல் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு. நையோபியத்தைத் தோண்டிப் பிரித்தெடுப்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டில் பல வகைகளில் காரீயமற்ற பீங்கானே மிஞ்சுகிறது என்றார்கள். கணக்கில் குறை காண முயன்றேன், முடியவில்லை. ஆனாலும் பயன்பாடு முடிந்து, பிரித்தெடுப்பவர் எவர் கையிலோ, குப்பைமேட்டில் விளையாடும் குழந்தையின் வாயிலோ சேரும் காரீயத்தை அந்தத் தராசில் எப்படி நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் கருவிகளில் இன்றும் இருப்பது பெரும்பாலும் காரீயம் கலந்த பீங்கானோ படிகமோதான்.