மாலத்தீவில் டீச்சர் வேலை: பள்ளி தரும் வீட்டில் என்னென்ன இருக்கும்?

மாலத்தீவு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ரிசார்ட் குடில்கள்தான். டீச்சர் வேலைக்குப் போகிறவர்கள் வாழப்போவது வேறொரு மாலத்தீவில். சுமார் 1,200 தீவுகள் கொண்ட அந்த நாட்டில் உள்ளூர் மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். அங்குள்ள பள்ளிகளில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறார்கள். திவேஹி மொழி, இஸ்லாம் போன்ற பாடங்கள் தவிர மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் தலைநகர் மாலே வந்துவிடும். தீவுக்குப் போக அதற்கப்புறம் இன்னொரு விமானமோ, ஸ்பீடு போட்டோ, படகோ பிடிக்க வேண்டும்.

தெற்குப் பக்கத் தீவு ஒன்றில் நான் இரண்டு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது அங்கே கிளம்பத் தயாராகும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வீடு எப்படி இருக்கும் அக்கா?" என்றுதான். சரியான கேள்வி. வேலையோடு வரும் வீடு சம்பளத்தின் ஒரு பகுதி. சம்பளத்தைப் போலவே அதையும் விவரமாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

'ஃபர்னிஷ்டு' என்ற ஒரு சொல்

வீடு இரண்டு விதமாகக் கிடைக்கும். பள்ளியே வீடு பார்த்துத் தரும். அல்லது வாடகைப் படி தந்துவிட்டு, நம்மையே பார்த்துக்கொள்ளச் சொல்லும். மாலே சில சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கியடித்துக் கட்டிய நகரம். வாடகை மிக அதிகம். 2018-ல் திறந்த பாலம் வழியாக ஹுல்ஹுமாலேவுக்குப் போய்த் தங்குகிறவர்களும் உண்டு. அங்கெல்லாம் வாடகைப் படியில் தனி ஃபிளாட் கிடைப்பது கஷ்டம். நாலு பேர் சேர்ந்து எடுக்கும் ஃபிளாட்டில் ஓர் அறைதான் நம் பங்குக்கு வரும். தூரத்துத் தீவுகளில் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துத் தருவார்கள்.

எனக்குக் கிடைத்த அறையில் கட்டில், மெத்தை, அலமாரி, மேஜை, நாற்காலி, ஃபேன் இருந்தன. பொதுச் சமையலறையில் கேஸ் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருந்தன. தலையணை, போர்வை, கொசுவலை, பாத்திரம் எதுவும் கிடையாது. முதல் நாள் ராத்திரி இரண்டு புடவைகளை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன். 'ஃபர்னிஷ்டு' என்றால் மரச்சாமான், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியும் வாஷிங் மெஷினும் வீட்டுக்கு வீடு மாறும்.

பட்டியலில் வராத சில சாமான்களும் வீட்டில் இருக்கும். ஊர் திரும்பும் டீச்சர்கள் விட்டுப் போனவை. எங்கள் குக்கரில் எனக்கு முன்னால் மூன்று பேர் சமைத்திருந்தார்கள். யார் கொண்டுவந்ததென்றே தெரியாத இட்லித் தட்டு ஒன்றும் இருந்தது. கிளம்பும்முன் அந்தத் தீவில் ஏற்கெனவே இருக்கும் நம் ஊர் டீச்சர் யாரிடமாவது பேசிவிட்டால், பெட்டியில் பாதி எடை குறையும். ஓர் அடாப்டர் மட்டும் மறக்க வேண்டாம். அங்கே பிரிட்டிஷ் பாணிப் பிளக்தான் அதிகம்; நம் உருண்டை முள் அதில் நுழையாது.

முதலில் தண்ணீர்

கட்டிலையும் அலமாரியையும் விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். மாலத்தீவில் ஆறு கிடையாது. மணலுக்கு அடியில் கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும் நல்ல தண்ணீர்தான் கிணற்றில் வரும். குளிக்க, துவைக்க அது போதும். சில வீடுகளில் உப்புக் கரிக்கும். குடிக்க மழைநீரையோ, கடல்நீரைச் சுத்திகரித்த நீரையோ நம்ப வேண்டும். 2004 சுனாமியில் கிணறுகள் கெட்டுப்போனபோது நிவாரணமாகத் தந்த பெரிய பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டிகளைப் பல தீவுகளில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தொட்டியை நிரப்பும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. தொட்டியைத் தட்டிப் பார்த்துச் செலவு செய்வோம்.

தலைநகரம் மட்டும் விதிவிலக்கல்ல. 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து நகரமே குடிநீரின்றித் தவித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

பழைய வீடுகளில் குளியலறைக்குக் கூரை இருக்காது. 'கிஃபிலி' என்பார்கள். நாலு பக்கமும் சுவர், மேலே வானம். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு, மழை பெய்யும்போது குளிப்பதற்கே ஆசையாகிவிட்டது. அதன் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதை மட்டும் போன அன்றே பார்த்துவிட வேண்டும். அறைக் கதவின் பூட்டையும்தான்.

ஓர் அறை, இரண்டு கட்டில்

நேர்காணலில் தனி அறை என்றார்கள். போய்ப் பார்த்தால் ஓர் அறைக்குள் இரண்டு கட்டில். இன்னொன்று நாகர்கோவில் பக்கத்து அறிவியல் டீச்சருக்கு. "அடுத்த மாதம் மாற்றித் தருகிறோம்" என்றார்கள். மாற ஐந்து மாதம் ஆனது. ஒப்பந்தத்தில் 'தங்குமிடம் தரப்படும்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை; எதைக் காட்டிக் கேட்பது? நல்லவேளை, அந்த அக்காவும் நானும் சேர்ந்து சமைத்துச் சமாளித்துவிட்டோம். மனசு ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு அந்த ஐந்து மாதம் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

பொதுச் சமையலறையில் சைவக்காரர்கள் கொஞ்சம் தயாராகப் போக வேண்டும். தீவின் சாப்பாடு சூரை மீனைச் சுற்றித்தான். காய்கறி படகில் வரும். கடல் கொந்தளித்தால் கடை காலியாக இருக்கும். தேங்காயும் பப்பாளியும் அங்கேயே விளைகின்றன. முருங்கை மரமும் உண்டு, அதற்கு அவர்கள் சொல்லும் பெயரும் கிட்டத்தட்ட நம்முடையதேதான். பருப்பும் முருங்கைக்கீரையும் எங்களைப் பல வாரம் காப்பாற்றின.

சாமி படம் வைத்துக் கும்பிடும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க: வழிபாட்டுச் சிலைகள், பன்றி இறைச்சி, மது ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. பெட்டியைச் சோதிப்பார்கள். வேற்று மத வழிபாடு பொதுவெளியில் கூடாது. மனதுக்குள் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாராந்தர விடுமுறை வெள்ளி, சனி.

வீட்டுக்காரத் தத்தா

'தத்தா' என்றால் தாத்தா இல்லை. திவேஹியில் அக்கா. எங்கள் வீட்டுக்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டோம். காலையில் மணல் முற்றத்தை ஈர்க்குத் துடைப்பத்தால் கோடு கோடாகப் பெருக்கிவிட்டு, 'உந்தோலி' என்னும் ஊஞ்சலில் உட்காருவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது சுகாதார மையத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். 'ரொஷி' என்ற அவர்கள் ஊர்ச் சப்பாத்தியும் தினம் வரும்.

நான் எத்தனை மணிக்கு வீடு திரும்பினேன், யார் வந்து போனார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். சின்னத் தீவில் அந்தக் கண்காணிப்பும் அந்த ரொஷியும் ஒரே கையிலிருந்துதான் வரும்.

கையெழுத்துக்கு முன்னால்

விசா வேலை தருபவரோடு கட்டப்பட்டது, வீடும் அப்படியே. வேலையை விட்டால் இரண்டும் ஒன்றாகக் கையை விட்டுப் போகும். சம்பளத் தகராறு வந்தால் வாய் திறக்கப் பலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இந்தக் கேள்விகளை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்குங்கள்.

அறை தனியா, பகிர்வா? எத்தனை பேருக்கு ஒரு குளியலறை? கரன்ட், தண்ணீர், இன்டர்நெட், கேஸ் செலவு யாருடையது? கணவரோ குழந்தையோ வந்தால் தங்கலாமா? பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனால் அறை நமக்கே இருக்குமா? வேலை முடிந்தபின் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம்?

போய் இறங்கியதும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அறையை மூலை முடுக்கு விடாமல் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உடைந்த நாற்காலிக்கும் ஓடாத ஃபேனுக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் கை வைக்க யாருக்கும் இடம் இருக்காது. சாமான் பட்டியலில் பள்ளியின் கையெழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது.

தலையணையை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.