சீ.ஆர். கொப்பியில் எங்கள் ஒழுங்கை

அப்பா எங்கள் ஒழுங்கைச் சனசமூக நிலையத்துக்குச் செயலாளராக இருந்த காலத்தில், கூட்ட அறிக்கை எழுதும் சீ.ஆர். கொப்பி எங்கள் வீட்டுச் சாமியறைத் தட்டில், பஞ்சாங்கத்துக்கு மேலே இருக்கும். 'பிரேரித்தவர்', 'ஆமோதித்தவர்' என்ற சொற்களை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அந்தக் கொப்பியில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெற்றோல்மாக்ஸுக்கு இரண்டு மென்டில் வாங்க ஒரு தீர்மானம். அதை ஒருவர் பிரேரித்திருப்பார், இன்னொருவர் ஆமோதித்திருப்பார், சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும். அப்பாவின் கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

எங்கள் ஊர் சாவகச்சேரி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் பத்து மைல். பட்டினம் என்றால் சந்தை, பஸ் நிலையம், ரெயில் ஸ்ரேசன், நகரசபைக் கட்டிடம், அவ்வளவுதான். அவற்றை விட்டு நாலு எட்டு விலகினால் தென்னங்காணியும் மாவும் பிலாவும் வயலும். விடியப்புறம் சந்தைக்குள் நுழைந்தால் கடகம் கடகமாகக் கறுத்தக்கொழும்பான், மட்டுவில் கத்தரிக்காய், பழுத்த பிலாவின் வாசம். தட்டிவானின் பின்பக்கம் கடகங்கள் தொங்க, அவற்றுக்கு மேலே ஆட்கள் தொங்க வருவார்கள். அந்தச் சந்தைக் குத்தகையும் சோலைவரியும்தான் நகரசபையின் கைக்காசு. அதிலிருந்து ஒரு சிறுதொகை நிலையங்களுக்குப் பத்திரிகை வாங்க வரும். வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து மெயில் ரெயினில் வரும். ஈழநாடு யாழ்ப்பாணத்திலேயே அச்சானது. பின்னேரங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றவர்கள் வாங்கில் குந்தியிருந்து கேட்பார்கள். அந்த வாங்கில் எல்லா ஒழுங்கைக்காரரும் ஒரேநாளில் வந்து உட்கார்ந்துவிடவில்லை. அதையும் சொல்லாமல் பழங்கதை பேசுவது நேர்மையில்லை. சிலர் வெளியே படியில் நின்று கேட்ட காலமும் இருந்தது. படியில் நின்றவர்களே கேட்டும் போராடியும்தான் உள்ளே வந்தார்கள். யாரும் மனமிரங்கி அழைத்து வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி. எங்கள் ஒழுங்கையில் முழங்காலுக்கு வெள்ளம். வட்டார மெம்பர் சைக்கிளை மதவடியில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து அப்பாவிடம் வந்தார்.

"மாஸ்ரர், கல்லும் சீமெந்தும் சபையாலை எடுத்துத் தாறன். ஆக்கள் உங்கடை."

"ஆக்கள் இருக்கினம். சனிக்கிழமை விடிய நீங்களும் வாங்கோ."

வந்தார். தாச்சியில் மண் சுமந்தார். அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுபோய்க் கொடுத்தா. வாய்க்காலை எந்தப் பக்கத்தால் வெட்டுவது என்று படித்தவர்கள் எல்லாரும் வாதாடிக்கொண்டிருக்க, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி சொன்னா: "வெள்ளம் வடக்காலை போகாது பிள்ளையள். என்ரை வளவு மூலையாலைதான் போகும். நான் சின்னனிலையிருந்து பாக்கிறன்." கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஆச்சியே சொன்னா: "ரண்டு முழம் விடுறன். வேலியைப் பின்னுக்குத் தள்ளி அடையுங்கோ."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஒரு சாண் எல்லைக்காகக் கோட்டுப்படி ஏறி இறங்கிச் சீவியத்தை முடித்தவர்கள் எங்களிடையே எத்தனைபேர்! அந்த ஆச்சிக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் இடையில் அந்த நேரமே எல்லை வழக்கொன்று நின்றுகொண்டிருந்தது.

மெம்பர் எந்தக் கட்சிக்காரர் என்பது எனக்கு மறந்துபோயிற்று. வீடு நினைவிருக்கிறது. வேப்பமரம், இரும்புப் படலை, திண்ணையில் எப்போதும் இரண்டுபேர். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற முறையில் படலையைத் தட்ட ஒரு வீடு இருந்தது. 1979 தேர்தலோடு விகிதாசாரப் பட்டியல் வந்தது. அதற்குப்பிறகு சபைக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள், 'எங்கடை மெம்பர்' இல்லாமல் போனார். விகிதாசாரத்துக்கு நல்ல நியாயங்கள் உண்டு. ஆனால் ஒழுங்கையளவில் அது எடுத்துக்கொண்டு போனது இந்தப் படலையைத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 1983 மே மாதத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அழைப்பு வந்தது. வாக்குச்சாவடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. பிறகு நெடுங்காலம் சபை என்றால் தலைவரில்லாக் கதிரையும், கடமை செய்யும் ஊழியர்களும்தான்.

ஆனால் நிலையம் நின்றது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்துச் சனம் ஏறக்குறைய முழுவதும் சண்டைக்கு அஞ்சி நாவற்குழிப் பாலத்தால் எங்கள் தென்மராட்சிக்குள் வந்தது. எங்கள் வாசிகசாலையின் மேசை வாங்கெல்லாம் வெளியே போய், உள்ளே பாய்கள் விரிந்தன. அப்பா கொப்பியைத் திறந்து, வந்தவர்களின் பெயர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதினார். தீர்மானங்களுக்குக் கோடிட்ட பக்கங்களில் குழந்தைகளின் வயதுகள். அன்றைக்குப் பிரேரிக்கவோ ஆமோதிக்கவோ ஒருவரும் காத்திருக்கவில்லை.

2000 மே மாதம் சண்டை ஊருக்குள் வந்தபோது நாங்கள் வெளிக்கிட்டோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில். கொப்பியை மட்டும் அப்பா நிலையத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். "பொதுச்சாமான், எங்களோடை அலையக்கூடாது" என்றார். 2002 சமாதான காலத்தில் திரும்பிப் போனபோது கண்டி வீதியின் இரண்டு பக்கமும் கூரையில்லாத சுவர்கள். நிலையம் இருந்த இடத்தில் அத்திவாரமும் நாயுருவியும். மதகும் வாய்க்காலும் அப்படியே இருந்தன. ஆச்சியின் வளவில் ஒருவரும் இல்லை. அப்பா அலுமாரியைப் பற்றிப் பேசவே இல்லை. வாய்க்காலுக்குள் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட்டார்.

2018 பெப்ரவரித் தேர்தலில் வட்டாரம் திரும்பி வந்தது. நூற்றுக்கு அறுபதுபேர் வட்டாரத்தால், மிச்சம் பட்டியலால். அந்த வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். நிலையத்துக்குப் புதுக் கட்டிடம், பிளாஸ்ரிக் கதிரைகள். செயலாளர் இளம் பெடியன். புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்:

"அண்ணை, உங்கடை அப்பான்ரை காலத்து அறிக்கை ஒண்டும் இல்லை. ஞாபகத்திலை இருக்கிறதைச் சொல்லுங்கோ, எழுதி வைப்பம்."

மென்டிலைச் சொன்னேன். பத்திரிகைப் பாக்கியைச் சொன்னேன். ஆச்சி இரண்டு முழம் காணி விட்டதையும், சபை அதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் எடுத்ததையும் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டே நிமிராமல் கேட்டான்:

"பிரேரிச்சது ஆர்?"

"அப்பா."

"ஆமோதிச்சது?"

"பக்கத்து வளவுக்காரர்" என்றேன். "ஆச்சியோடை எல்லை வழக்குப் பேசிக்கொண்டிருந்தவர். அதையும் சேர்த்து எழுதும், தம்பி."